பழைய கம்ப்யூட்டரில் டிஃப்ராக் விடிய விடிய ஓடுகிறதே, என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது. 2006-ல் வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டர், 512 எம்பி ரேம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் சி-யும் டி-யும் ஆளுக்கு 40 ஜிபி, விண்டோஸ் எக்ஸ்பி. ராத்திரி படுக்கும் முன் சி டிரைவுக்கு டிஃப்ராக் (துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் வேலை) போட்டால் காலையில் 20 சதவீதத்தில் நிற்கிறது. வேகமாக முடித்துத் தரும் சாஃப்ட்வேர் எது, ஆன்டிவைரஸை நிறுத்தினால் போதுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டிஃப்ராகை எப்படி வேகப்படுத்துவது என்பது ஒன்று. உங்கள் டிஸ்க்கில் அது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதில் கை வைக்கக் கூடாது. அதிலும் நீங்கள் சொல்லும் கால அளவைப் பார்த்தால், உடனே இன்னொரு முறை டிஃப்ராக் போடாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கு எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம், படித்து எழுதும் முனையான ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, அதாவது 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். ஹெட் அந்த டிராக்குக்கு, அதாவது தரவு இருக்கும் வட்டத்துக்கு, நகர்ந்து போக 8 அல்லது 9. ஆக, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒருமுறை தாவ 13 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். சிதறிக் கிடக்கும் ஒரு துண்டை இடம் மாற்றுவதற்குக் குறைந்தது மூன்று தாவல் வேண்டும்: பழைய இடத்தில் படிக்க, புது இடத்தில் எழுத, 'இந்த ஃபைல் இப்போது இங்கே இருக்கிறது' என்று ஃபைல் சிஸ்டத்தின் பதிவேட்டில் திருத்த. துண்டு ஒன்றுக்கு 40 மில்லி செகண்ட். சி டிரைவில் ஒரு லட்சம் துண்டுகள் இருந்தால் 4000 செகண்ட், அதாவது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இதோடு 20 ஜிபி தரவைப் படித்துத் திரும்ப எழுத, செகண்டுக்கு 30 எம்பி என்று வைத்தால், இன்னும் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். காலியிடம் உண்டாக்குவதற்காக ஒரே ஃபைலை இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டியும் வரும். அதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம், மோசமாகப் போனால் ஐந்து. 40 ஜிபி பார்ட்டிஷனுக்கு இதுவரை இயல்பு. எட்டு மணி நேரம் ஓடி 20 சதவீதம் என்பது இயல்பில் சேராது. எக்ஸ்பி காட்டும் சதவீதம் சீராக ஏறுவதில்லை, ஒரே எண்ணில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திடீரென்று தாவும் என்பது உண்மைதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது அதிகம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. நேரத்தைத் தின்பது ஹெட்டின் தாவல்கள், பிராசஸர் இல்லை. டாஸ்க் மேனேஜரில் டிஃப்ராகின் பிரையாரிட்டியை 'ஹை' ஆக்குவது, ரேமைச் 'சுத்தம்' செய்யும் புரோகிராம்களை ஓட்டுவது இதற்கெல்லாம் பலன் கிடையாது. காத்திருப்பது பிராசஸராக இருந்தால்தான் பிரையாரிட்டி உதவும். இங்கே எல்லாம் ஹெட்டுக்காகக் காத்திருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் உடல்நிலை. படிக்க முடியாத செக்டர் (தரவு எழுதப்படும் சிறு கட்டம்) ஒன்று வந்தால் டிஸ்க் அதை விட்டுவிட்டுப் போகாது, திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். 13 மில்லி செகண்டில் முடிய வேண்டிய வேலைக்குப் பல செகண்டுகள் போய்விடும். இப்படிச் சில நூறு செக்டர்கள் இருந்தாலே டிஃப்ராக் நின்றுபோனது போலத் தோன்றும். கன்ட்ரோல் பேனலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், அதற்குள் ஈவென்ட் வியூவர், அதில் 'சிஸ்டம்' என்பதைத் திறந்து, டிஃப்ராக் ஓடிய ராத்திரியின் பதிவுகளைப் பாருங்கள். 'சோர்ஸ்' பத்தியில் 'டிஸ்க்' என்று சிவப்புக் குறியோடு வந்து, ஈவென்ட் எண் 7 என்று இருந்தால் கெட்ட செக்டர் என்று பொருள். எண் 11 வந்தால் கன்ட்ரோலர் அல்லது கேபிள் பக்கத்துக் கோளாறு. 'அடாபி' என்ற பெயரில் எண் 9 வந்தால், கேட்டதற்கு டிஸ்க் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை. மஞ்சள் குறியோடு 'டிஸ்க்' 51 வந்தால் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) பக்கம் படிக்கவோ எழுதவோ போனபோது தடங்கல் என்று பொருள். எப்போதோ ஒன்று வந்தால் பொருட்படுத்த வேண்டாம், வரிசையாக வந்தால் கவனியுங்கள்.

அடுத்ததாக, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் எச்டி டியூன் என்ற புரோகிராம். அதன் 2.55 இலவசப் பதிப்பு எக்ஸ்பியில் ஓடும். அதன் 'ஹெல்த்' பகுதியில் இரண்டு வரிகள் போதும். 'ரீஅலகேட்டட் செக்டர் கவுன்ட்' என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 'கரன்ட் பென்டிங் செக்டர்' என்பது படிக்க முடியாமல் இன்னும் தீர்ப்பு வராமல் நிற்கும் செக்டர்கள். இவற்றின் 'டேட்டா' பத்தி பூஜ்யமாக இருக்க வேண்டும். பென்டிங் எண் பூஜ்யம் இல்லை என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிக்கும் முன் ஃபோட்டோக்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ எடுத்து வையுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை டிஃப்ராக் செய்வது அதை ராத்திரி முழுக்க ஓட வைத்து மிச்சமிருக்கும் ஆயுளையும் கரைப்பதுதான். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு வேகப்படுத்தும் வழி எதுவும் கிடையாது. மாற்றத்தான் வேண்டும். எண்கள் பூஜ்யமாக இருப்பதால் மட்டும் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. எந்த எச்சரிக்கையும் காட்டாமல் போகும் டிஸ்க்குகளும் உண்டு. எண்கள் ஏறியிருந்தால் கெட்டது உறுதி. அவ்வளவுதான் இதிலிருந்து தெரியும்.

டிஸ்க் நலமாக இருந்தால் நான் அடுத்துச் சந்தேகப்படுவது பலரும் திறந்துகூடப் பார்க்காத ஓரிடத்தை. ஐடிஇ டிஸ்க், அதாவது தட்டைப் பட்டையான கேபிளில் இணையும் பழைய வகை டிஸ்க், வழக்கமாக டிஎம்ஏ என்ற முறையில் தரவை நேராக மெமரிக்கு அனுப்பும், பிராசஸரைத் தொந்தரவு செய்யாது. ஆனால் கேபிளிலோ டிஸ்க்கிலோ பிழைகள் வந்து அவை மொத்தம் ஆறு ஆனதும் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி இறக்கும். பிழைகள் தொடர்ந்தால் இன்னும் இறக்கி, கடைசியில் பிஐஓ என்ற ஆதிகால முறைக்குத் தள்ளிவிடும். பிறகு பிழை நின்றுபோனாலும் அது தானாக மேலே ஏறி வராது. என்றோ ஒரு நாள் கேபிள் தளர்ந்திருந்ததற்கான தண்டனையைக் கம்ப்யூட்டர் வருடக்கணக்கில் அனுபவித்துக்கொண்டிருக்கும். பிஐஓ முறையில் ஏட்டளவு உச்சமே செகண்டுக்கு 16 எம்பி சொச்சம், நடைமுறையில் அதில் பாதிகூட வராது. ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே தூக்கிச் சுமக்க வேண்டும். நேரத்தைத் தின்பது பிராசஸர் இல்லை என்று மேலே சொன்னதற்கு விதிவிலக்கான ஒரே நிலை இதுதான். அடையாளம் எளிது: பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யும்போது மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகரும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் விட்டு விட்டுக் கேட்கும்.

சரிபார்க்க, 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ்', அதில் 'டிவைஸ் மேனேஜர்', 'ஐடிஇ அடா அடாபி கன்ட்ரோலர்ஸ்' என்று போங்கள். 'பிரைமரி ஐடிஇ சேனல்' மேல் இருமுறை கிளிக் செய்து 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்தால் 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5' என்று இருந்தால் நல்லது. 'பிஐஓ மோட்' என்று இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அந்த டிஸ்க் இருக்கும் சேனலை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஃபைல் எதுவும் போகாது. மறுபடி கிளம்பும்போது விண்டோஸ் அந்தச் சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் தொடங்கும், இன்னொரு ரீஸ்டார்ட் கேட்கவும் கூடும். 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்பதற்கு எதிரே 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' தேர்வாகி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில நாளில் திரும்பவும் பிஐஓவுக்கு இறங்கினால் பிழை இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது கேபிள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து டிஸ்க்குக்குப் போகும் தட்டைப் பட்டையான கேபிளைப் பாருங்கள். அதில் இரண்டு ரகம் உண்டு. கோடுகள் தடிமனாக, எண்ணிவிடலாம் போல இருந்தால் 40 கம்பி. நூல் நூலாக நெருக்கமாக இருந்தால் 80 கம்பி. 40 கம்பிக் கேபிளில் அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2-க்கு மேல், அதாவது செகண்டுக்கு 33 எம்பிக்கு மேல் போக முடியாது. 80 கம்பிக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, எதிர்க்கோடியில் உள்ள கறுப்பு முனை மாஸ்டர் டிஸ்க்குக்கு, நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு. தலைகீழாகச் செருகியிருந்தாலும், நீளம் 45 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலும் பிழை வரும். மடித்து ரப்பர் பேண்ட் போட்டுத் திணித்திருந்தால் மாற்றிவிடுங்கள், பழைய சாமான் கடையிலேயே கிடைக்கும். சிடி டிரைவ் அதே கேபிளில் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பென்டியம் 4 காலத்துக் கன்ட்ரோலர்கள் இரண்டுக்கும் தனித்தனி வேகம் வைத்துக்கொள்ளும், ஆகவே உங்கள் மெஷினுக்கு அது பொருந்தாது.

மூன்றாவது காரணம் காலியிடம். நிரம்பி வழியும் பரணை ஒழுங்குபடுத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கி வைக்கக் கீழே இடம் இருந்தால் அரை நாளில் முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை நகர்த்த வேண்டும். எக்ஸ்பியின் டிஃப்ராக் 15 சதவீதம் காலியாக இருக்க வேண்டும் என்று கேட்கும், 40 ஜிபிக்கு அது 6 ஜிபி. அதற்குக் குறைந்தால் எச்சரித்துவிட்டு, நீங்கள் சம்மதித்தால் ஓடும். ஆனால் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். 25 சதவீதம் காலியாக இருந்தால் வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். மொத்தக் காலியிடம் மட்டும் போதாது, அது தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும். 2 ஜிபி ஃபைல் ஒன்று துண்டில்லாமல் உட்கார 2 ஜிபி இடம் ஒரே நீட்டாக வேண்டும். இல்லையென்றால் எத்தனை முறை டிஃப்ராக் ஓட்டினாலும் அது துண்டாகத்தான் இருக்கும்.

இடம் எங்கிருந்து கிடைக்கும்? கல்யாண வீடியோ மாதிரியான பெரிய ஃபைல்களை டி-க்கோ வெளி டிஸ்க்குக்கோ நகர்த்துங்கள். ரீசைக்கிள் பின்னையும் பிரௌசர் கேஷையும் காலி செய்யுங்கள். விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் எக்ஸ்பியில் தன் பங்காக டிரைவில் 12 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், 40 ஜிபியில் அது கிட்டத்தட்ட 5 ஜிபி. டிஸ்க் கிளீனப்பைத் திறந்து 'மோர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் சிஸ்டம் ரெஸ்டோருக்கான பட்டனை அழுத்தினால், கடைசி ரெஸ்டோர் பாயின்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்த ஒரு பட்டனே 3, 4 ஜிபி தந்துவிடும். அதே டிஸ்க் கிளீனப்பில் ஒரு பொறியும் இருக்கிறது: 'கம்ப்ரஸ் ஓல்டு ஃபைல்ஸ்' என்ற வரி. அதன் எதிரே பெரிய எண்ணைக் காட்டி ஆசைகாட்டும். டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பியின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் ஒரு ஃபைலைச் சுருக்கும்போது 64 கேபி கட்டுகளாகச் சுருக்குகிறது. அதனால் சுருக்கிய ஃபைல்கள் எளிதில் பல துண்டாகிவிடும். டிஃப்ராகின் வேலையைக் குறைக்கப் போய் அதிகமாக்கிவிடுவீர்கள்.

அடுத்து, நகர்த்த முடியாத ஃபைல்கள். எக்ஸ்பி டிஃப்ராகின் படத்தில் சிவப்பு துண்டானவை, நீலம் முழுதானவை, வெள்ளை காலியிடம், பச்சை அசைக்க முடியாதவை. அந்தப் பச்சையில் பெரும் பங்கு பேஜ் ஃபைலுடையது. நடுவில் இரண்டு மூன்று பச்சைப் பட்டைகள் தெரிந்தால் அவை காலியிடத்தைக் கூறுபோட்டுக்கொண்டிருக்கின்றன. தற்காலிகமாக அதை எடுத்துவிடலாம். 'மை கம்ப்யூட்டர்' பிராப்பர்டீஸில் 'அட்வான்ஸ்டு', 'பெர்ஃபாமன்ஸ்' கீழே 'செட்டிங்ஸ்', மறுபடி 'அட்வான்ஸ்டு', 'வர்ச்சுவல் மெமரி' கீழே 'சேஞ்ச்'. அங்கே 'நோ பேஜிங் ஃபைல்' தேர்ந்தெடுத்து 'செட்' அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'செட்' அழுத்தாமல் ஓகே கொடுத்தால் எதுவும் மாறாது, பலரும் தவறுவது இங்கேதான். உங்களிடம் 512 எம்பிதான் இருப்பதால் பேஜ் ஃபைல் இல்லாத நேரத்தில் டிஃப்ராகைத் தவிர எதையும் திறக்கக் கூடாது. 'மெமரி போதவில்லை' என்று செய்தி வந்தால் பேஜ் ஃபைலை டி டிரைவில் வைத்துக்கொண்டு சி-யை டிஃப்ராக் செய்யுங்கள். முடிந்த பிறகு சி-யில் 'கஸ்டம் சைஸ்' கொடுத்து இனிஷியல், மேக்ஸிமம் இரண்டிலும் ஒரே எண்ணைப் போடுங்கள். 512 எம்பி ரேமுக்கு 768 போதும், 1024 போட்டாலும் தவறில்லை. அளவு மாறாததால் அது மறுபடி துண்டாகாது. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைக்கும் ஹைபர்னேட் இயக்கத்தில் இருந்தால் ரேம் அளவுக்கே இன்னொரு ஃபைல் கிடக்கும். பவர் ஆப்ஷன்ஸில் 'ஹைபர்னேட்' பக்கத்தில் டிக்கை எடுத்தால் உடனே மறைந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் டிஃப்ராக் போடும் ராத்திரிக்கான ஏற்பாடு. சி டிரைவின் பிராப்பர்டீஸில் 'டூல்ஸ்', 'செக் நவ்' போய், ஃபைல் சிஸ்டம் பிழைகளைத் திருத்தும் முதல் பெட்டியில் மட்டும் டிக் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கெட்ட செக்டரைத் தேடும் இரண்டாவது பெட்டி வேண்டாம். அது தனியாக மணிக்கணக்கில் ஓடும், நமக்கு வேண்டிய விவரம் எச்டி டியூனிலேயே கிடைத்துவிட்டது. பவர் ஆப்ஷன்ஸில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க்ஸ்', 'சிஸ்டம் ஸ்டாண்ட்பை' இரண்டையும் 'நெவர்' ஆக்குங்கள். நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட்டுகள் இல்லை என்பதால், ஆன்டிவைரஸை நிறுத்தும் எந்த நேரத்திலும் இது கட்டாயம்.

ஆன்டிவைரஸை நிறுத்தினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். பரவலாகச் சொல்லப்படும் அளவுக்கு அதில் லாபம் இல்லை. டிஃப்ராக் ஒரு ஃபைலைத் திறந்து படித்து எழுதுவதில்லை. 'இந்தத் துண்டை அங்கே நகர்த்து' என்று ஃபைல் சிஸ்டத்துக்கு உத்தரவு கொடுக்கிறது, அவ்வளவுதான். நகரும் ஒவ்வொரு துண்டையும் ஆன்டிவைரஸ் சோதித்துக்கொண்டிருக்கும் என்று நினைப்பது தவறு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழு ஸ்கேன் ஓடும்படி அதில் நேரம் குறித்து வைத்திருந்தால் கதை வேறு. டிஃப்ராக் ஒரு பக்கம் இழுக்க, ஸ்கேன் இன்னொரு பக்கம் இழுக்க, ஹெட் இரண்டுக்கும் நடுவே அல்லாடும், இரண்டு வேலையும் பாதியாக அல்ல, அதைவிட மோசமாக மந்தமாகும். அந்த ஸ்கேனை நிறுத்தினால் போதும். டாரன்ட் டவுன்லோடு, இண்டெக்ஸ் செய்யும் தேடல் புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஒவ்வொன்றாக மூடுவது சிரமம் என்றால் கம்ப்யூட்டர் கிளம்பும்போது எஃப்8 அழுத்தி, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து டிஃப்ராக் போடுங்கள், எக்ஸ்பியில் அது சேஃப் மோடிலும் ஓடும். விண்டோஸ் 98, மீ வைத்திருப்பவர்களுக்குச் சேஃப் மோட் இன்னும் முக்கியம். ஸ்கிரீன் சேவர் வந்தாலோ வேறு எது டிஸ்க்கில் எழுதினாலோ அங்கே டிஃப்ராக் முதலிலிருந்து தொடங்கிவிடும். எக்ஸ்பியில் அந்தத் தொல்லை இல்லை.

வேலையையே குறைக்க முடியுமா என்பதுதான் இதில் நல்ல கேள்வி. 'அனலைஸ்' அழுத்தி முடிந்ததும் 'வியூ ரிப்போர்ட்' பாருங்கள். கீழே அதிகம் துண்டான ஃபைல்களின் பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் துண்டுகளின் எண்ணிக்கையும் அளவும் இருக்கும். பெரும்பாலும் முதல் பத்துப் பதினைந்து ஃபைல்களிலேயே மொத்தத் துண்டுகளில் பெரும் பகுதி அடங்கிவிடும். அவை எவை என்று பாருங்கள். டாரன்ட்டில் இறங்கிய படம் ஒன்று 9000 துண்டாக இருந்தால் அதை டி டிரைவுக்கு நகர்த்துங்கள். டி-யில் தொடர்ச்சியான இடம் இருந்தால் அங்கே அது ஒழுங்காகவே எழுதப்படும், சி-யில் அந்த 9000 துண்டும் ஒரே நிமிடத்தில் காணாமல் போகும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில் ஃபைல்கள் பட்டியலில் இருந்தால் முதலில் அந்தப் புரோகிராமிலேயே 'காம்பேக்ட்' செய்யுங்கள், ஃபைலே சிறுத்துவிடும். மிச்சத்துக்கு டிஃப்ராக்லர் போன்ற கருவியில் குறிப்பிட்ட ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒட்டவைக்கலாம். சிஸ்இன்டர்னல்ஸின் கான்டிக் அதே வேலையைக் கமாண்ட் வரியில் செய்யும். சில மணி நேர வேலை இப்படி இருபது நிமிடத்தில் முடிந்துவிடுவதுண்டு.

'பத்து மடங்கு வேகம்' என்று விளம்பரம் செய்யும் டிஃப்ராக் புரோகிராம்களின் ரகசியமும் இதேதான். ஹெட்டை வேகமாக நகர்த்தும் வித்தை யாரிடமும் கிடையாது. அவை குறைவாக நகர்த்துகின்றன. துண்டான ஃபைல்களை மட்டும் ஒட்டிவிட்டு, காலியிடத்தை ஒன்றுசேர்க்கும் வேலையை விட்டுவிடுகின்றன. அதில் தவறில்லை, வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும். எல்லா ஃபைலையும் பெயர் வரிசையிலோ தேதி வரிசையிலோ அடுக்கித் தரும் 'ஃபுல் ஆப்டிமைஸ்' வகைகளைத் தொடாதீர்கள். ஏற்கெனவே துண்டில்லாத ஃபைல்களையும் அவை நகர்த்தும், நேரம் பல மடங்காகும், கிடைக்கும் பலன் கையில் உணரும்படி இருக்காது.

எல்லாத் துண்டுகளும் கெடுதலும் இல்லை. விண்டோஸ் 7-ன் டிஃப்ராக் 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைத் தொடுவதே இல்லை. செகண்டுக்கு 50 எம்பி படிக்கும் டிஸ்க்கில் 64 எம்பியைப் படிக்க ஒரு செகண்டுக்கு மேல் ஆகும். அதற்குப் பின் அடுத்த துண்டுக்குத் தாவ 13 மில்லி செகண்ட். நூற்றில் ஒரு பங்கு. 4 ஜிபி வீடியோ 40 துண்டாக இருந்தால் படம் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 2 எம்பி ஃபைல் ஒன்று 200 துண்டாக இருந்தால் அதைத் திறக்க இரண்டரை செகண்டுக்கு மேல் ஆகும், துண்டில்லாவிட்டால் கண் சிமிட்டும் நேரம்தான். சிவப்புப் பட்டை முழுக்க மறைய வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் ஒரு ஃபைலுக்குச் சராசரித் துண்டு 1.1-க்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். இந்த எல்லை எங்கும் எழுதப்பட்ட விதி இல்லை, என் கணிப்பு.

டி டிரைவுக்கு இதைவிட எளிய வழி உண்டு. அதில் வெறும் பாட்டு, படம், ஃபோட்டோக்கள்தான் என்றால் டிஃப்ராகே வேண்டாம். எல்லாவற்றையும் யுஎஸ்பி 2.0 வழியாக வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்து, டி-யை குவிக் ஃபார்மேட் செய்து, திரும்பக் காப்பி செய்யுங்கள். செகண்டுக்கு 25 முதல் 30 எம்பி என்றால் 30 ஜிபிக்குப் போக ஒரு 20 நிமிடம், வர ஒரு 20 நிமிடம். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இரட்டிப்பாகும். காலி டிரைவில் வரிசையாக எழுதப்படுவதால் எல்லாமே துண்டில்லாமல் உட்காரும், வெளி டிஸ்க்கில் ஒரு காப்பியும் மிஞ்சும். ஃபார்மேட் செய்யும் முன் இரண்டு பக்கமும் மொத்த ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பிராப்பர்டீஸில் பார்த்துவிட்டு, ஐந்தாறு ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். வெளி டிஸ்க் வேகம் செகண்டுக்கு 1 எம்பிக்கு மேல் ஏறாவிட்டால் பழைய யுஎஸ்பி 1.1 துளையில் செருகியிருக்கிறீர்கள், பெட்டியின் பின்பக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். டி டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் இந்தச் சாக்கில் என்டிஎஃப்எஸ் ஆக்கிவிடுங்கள். சி-க்கு இந்த வழி ஆகாது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை இப்படி எடுத்து வைத்துத் திரும்பப் போட முடியாது.

நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற பயம் பலருக்கு உண்டு. என்டிஎஃப்எஸ் டிரைவில் ஒரு துண்டு முழுதாகப் புது இடத்தில் எழுதப்பட்ட பிறகுதான் பதிவேடு மாறும். பாதியில் நின்றால் பழைய இடமே செல்லும், ஃபைல் பெரும்பாலும் பத்திரம். ஃபேட்32-ல் அந்தப் பாதுகாப்பு இல்லை, யூபிஎஸ் இல்லாமல் அங்கே டிஃப்ராக் போடாதீர்கள். நீங்களாக நிறுத்த 'ஸ்டாப்' அழுத்துவதில் எந்தக் கெடுதலும் இல்லை. அதுவரை முடிந்த வேலை வீணாகாது, மறுநாள் தொடரலாம். ஒரே ராத்திரியில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்யூட்டர் வேகமாகிவிடும் என்று உறுதி தர முடியாது. 512 எம்பி ரேமில் பிரௌசரும் ஆன்டிவைரஸும் சேர்ந்து ஓடினால் மெமரி போதாமல் பேஜ் ஃபைலுக்கும் ரேமுக்கும் இடையே நாள் முழுக்கப் போக்குவரத்து நடக்கும். அந்த மந்தத்தை டிஃப்ராக் தீர்க்காது, இன்னொரு 512 எம்பி அல்லது 1 ஜிபி ரேம் தீர்க்கும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தில் 'கமிட் சார்ஜ்' (ஓடும் எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கும் மெமரி) மொத்தத்தையும் 'ஃபிசிக்கல் மெமரி' மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் எண் எப்போதும் பெரியதாக இருந்தால் செலவு செய்ய வேண்டிய இடம் ரேம். டிஸ்க்கை மாற்ற வேண்டி வந்து, சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி போட்டால் டிஃப்ராகை அடியோடு மறந்துவிடுங்கள். அதில் ஹெட் கிடையாது, தாவலும் கிடையாது. எழுத எழுதத் தேயும் பொருளில் தேவையில்லாமல் எழுதுவதுதான் மிச்சம்.

ஈவென்ட் வியூவரில் அந்த ராத்திரி என்ன எண்கள் வந்தன, எச்டி டியூனில் பென்டிங் செக்டர் எத்தனை, டிரான்ஸ்ஃபர் மோட் எது, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். டிஸ்க்கைக் கையில் வைத்துப் பார்க்காமல் மூன்று காரணங்களில் உங்களுடையது எது என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. அந்த எண்கள் தெரிந்தால் சொல்லிவிடலாம்.